அந்தரங்க இடத்தில் ஒரு பரு: எதை விடலாம், எதற்கு ஓட வேண்டும்

இரவு ஒன்பதரைக்கு மேல் மருந்துக்கடையில் கூட்டம் குறையும். அதற்காகவே எதிர் டீக்கடையில் நின்று காத்திருந்து வருகிறவர்கள் உண்டு. கவுண்டரில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போனைத் திருப்பிக் காட்டி, "அண்ணா, இதுக்கு ஒரு ஆயின்மெண்ட் குடுங்க" என்பார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். கல்யாணத் தேதி குறித்துவிட்ட மாப்பிள்ளைகளும் நிறைய. பெண்கள் போட்டோ காட்டுவதில்லை. பில் போடும் அக்காவைத் தனியாக அழைத்து, "அந்த இடத்துல சின்னச் சின்னதா என்னமோ இருக்குக்கா" என்று காதோரம் சொல்வார்கள்.

நான் டி.பார்ம் படித்து பதினேழு வருடமாகக் கடையில் நிற்கிறவன். டாக்டர் இல்லை. போட்டோவைப் பார்த்து இது இன்ன நோய் என்று சொல்வது என் வேலையும் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒன்று நன்றாக உறைத்திருக்கிறது. தூக்கம் தொலைத்துவிட்டு வருகிறவர்களில் பலருக்கு இருப்பது உடம்போடு வந்த தோல் அமைப்பு, மருந்தே வேண்டாம். உடனே ஓட வேண்டிய ஆளோ வருவதே இல்லை. ஏனென்றால் அவருக்கு வலிக்கவில்லை, அரிக்கவில்லை, பத்து நாளில் தானாகவே ஆறிக்கொண்டும் இருக்கிறது. இந்த இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: கையை எடுங்கள்

புதிதாக ஒன்றைப் பார்த்ததும் கை தானாகக் கிள்ளப் போகும். அடுத்ததாக, வீட்டில் இருக்கும் டியூப் எதையாவது தேடும். இரண்டும் வேண்டாம்.

நம் ஊரில் எல்லா வீட்டு அலமாரியிலும் அரை டியூப் "கலப்பு கிரீம்" கிடக்கும். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. தடவினால் மூன்று நாளில் சிவப்பு தணியும், அரிப்பு நிற்கும். நோய் போய்விட்டது என்று நினைப்பீர்கள். போனது அடையாளம் மட்டும்தான். பிறகு டாக்டர் பார்க்கும்போது, படர்தாமரையா, ஹெர்பிஸ் என்ற வைரஸ் கொப்புளமா என்று அவருக்கே பிடிபடாத அளவுக்குத் தோற்றம் மாறியிருக்கும். அந்தப் பகுதித் தோல் மெல்லியது என்பதால், தொடர்ந்து தடவினால் வரிவரியாகக் கோடு விழுந்து நிரந்தரமாக நின்றுவிடும். இந்த கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கேட்டால் கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

மரு என்று நினைத்துக்கொண்டு சுண்ணாம்பு வைப்பவர்கள், குதிரை முடி கட்டுபவர்கள், கால் ஆணிக்குப் போடும் அமிலத்தைத் தொட்டு வைப்பவர்கள் எல்லாம் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் கடைப் படி ஏறிய விதத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு காலையும் அகட்டி, வேட்டியை உடம்பில் படாமல் முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார். வெற்றிலைச் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து இரவு முழுக்க வைத்திருந்திருக்கிறார். முன்தோல் வெந்து, உரிந்து, வீங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிறகு வந்து சொன்னார்: அவர் சுட்டுக்கொண்டது மருவே இல்லை.

அந்தப் பகுதியை ஷேவ் செய்வதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். உண்மையிலேயே மருவோ, மொலஸ்கம் என்ற வைரஸ் பருவோ இருந்தால், பிளேடு போன வழியெல்லாம் கோடு போட்டது போலப் பரவும். கிருமிநாசினி ஊற்றிக் கழுவ வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். என்னவென்று தெரியும் வரை உடலுறவையும் தள்ளி வையுங்கள்.

இரண்டாம் படி: நாட்களை எண்ணுங்கள்

ஒரு தாளில் மூன்றே மூன்று எழுதுங்கள். முதலில் கண்ணில் பட்டது எப்போது? கடைசியாக உடலுறவு நடந்தது எப்போது, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேறு யாருடனாவது நடந்ததா? இந்த இரண்டு வாரத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? மூன்றாவது கேள்வி ஏன் என்பது பின்னால் வரும்.

தொற்று உடம்புக்குள் வந்த நாளுக்கும் தோலில் தெரியும் நாளுக்கும் இடையே ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹெர்பிஸ் 2 முதல் 12 நாளுக்குள் தலைகாட்டும். உடலுறவில் பரவும் சிபிலிஸ் நோயின் புண்ணுக்குப் பெரும்பாலும் மூன்று வாரம் ஆகும். 10 நாளிலும் வரலாம், 90 நாள் கழித்தும் வரலாம். மொலஸ்கம் இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மருவுக்கு இரண்டு மூன்று மாதம் என்பது சாதாரணம். ஒரு வருடம் தாண்டியும் முளைக்கலாம்.

ஆகவே, "நேத்து ராத்திரி தப்பு பண்ணிட்டேன், காலையில பார்த்தா பரு" என்பவருக்கு நேற்றைய இரவு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது உராய்வாகவோ, ரப்பர் ஒவ்வாமையாகவோ, அதுவரை கவனிக்காமல் விட்ட ஒன்றாகவோதான் பெரும்பாலும் இருக்கும். பயம் வந்தபின் ஒரு மனிதன் தன் உடம்பை முதன்முறையாக அரை மணி நேரம் உற்றுப் பார்க்கிறான். பத்து வருடமாக இருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எச்.பி.வி.யும் ஹெர்பிஸும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கக் கூடியவை. கல்யாணமாகி நான்காம் வருடம் மனைவிக்கோ கணவனுக்கோ மரு வந்தால், நேற்று யாரோ துரோகம் செய்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. கல்யாணத்துக்கு முன்பே, இருவரில் யாரிடமாவது இருந்ததாக இருக்கலாம். இந்த விவரம் தெரியாமல் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

மூன்றாம் படி: பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள்

ராத்திரி பாத்ரூம் பல்பில் பார்த்தால் எல்லாமே பயங்கரமாகத்தான் தெரியும். காலையில், ஜன்னல் வெளிச்சத்தில், கையைக் கழுவிக்கொண்டு பாருங்கள். பெண்கள் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்.

முதலில் அது மேடா, பள்ளமா என்று பாருங்கள். தோலுக்கு மேல் எழும்பி, மேல்தோல் முழுசாக இருந்தால் அது பரு வகை. தோல் பிய்ந்து, உள்ளே சிவப்பாகவோ ஈரமாகவோ தெரிந்தால் அது புண். புண் என்றால் இந்த வழிகாட்டியில் மேற்கொண்டு படிப்பதைவிட நாளைக் காலையில் கிளம்புவதுதான் நல்லது.

மேடு என்றால், ஒழுங்கு இருக்கிறதா பாருங்கள். ஒரே அளவில், வரிசையாக, இடமும் வலமும் கண்ணாடிபோல ஒத்து இருப்பது பெரும்பாலும் உடம்பின் சொந்த அமைப்பு. தொற்றுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, இங்கே மூன்று, அங்கே ஒன்று என்று முளைக்கும். பிறகு தோலை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். தோலுக்கு அடியில் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகளாகப் பரவித் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் முடி இருந்தால் மயிர்க்கால். நடுவில் தொப்புள்போல ஒரு குழி இருந்தால் அதைக் குறித்துவையுங்கள்.

ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு பூட்டி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லையென்றால் மனசுக்குப் பாதி ஆறுதல். இடையில் தினம் பார்க்க வேண்டாம்; தினம் தொட்டுப் பார்த்தாலே அந்த இடம் சிவந்துபோகும். படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

நான்காம் படி: உடம்போடு வந்தவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்களில் அதிகம் பேரைப் பயமுறுத்துவது முத்துப் பருக்கள். டாக்டர்கள் பியர்லி பீனைல் பேப்யூல்ஸ் என்பார்கள். ஆணுறுப்பின் மொட்டுக்கு அடிவிளிம்பு இருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு வரிசையாகவோ இரண்டு மூன்று வரிசையாகவோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், தோல் நிறத்திலோ முத்து வெண்மையிலோ, சீப்பின் பற்கள்போல ஒழுங்காக நிற்கும். வலிக்காது, அரிக்காது, உடையாது. வயசுக்கு வரும் பருவத்திலோ இருபதை ஒட்டியோ தெரிய ஆரம்பிக்கும். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறுகிறது. நூறு ஆண்களில் 14 முதல் 48 பேருக்கு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். குறைந்த பக்கக் கணக்கை எடுத்தாலும் ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. யாரும் யாரிடமும் காட்டிக்கொள்ளாத இடம் என்பதால், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறார்கள். தொற்றாது, புற்றாக மாறாது, வயதாக ஆகத் தானே மங்கும். சுத்தக்குறைவாலும் சுயஇன்பத்தாலும் வருவது அல்ல.

சுவரொட்டிகளில் "இளைஞர்களே" என்று கூப்பிட்டு, மாதம் ஒருமுறை லாட்ஜ் அறையில் வைத்தியம் பார்ப்பவர்களிடம் இந்தப் பையன்கள்தான் போய் மாட்டுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவன் அப்படி ஒரு அறையில் பதினோராயிரம் ரூபாய்க்கு லேகியம் வாங்கியிருந்தான். ஐ.டி.ஐ. படிக்கிற பையன், அம்மாவின் சீட்டுப் பணம். அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போகச் சொன்னேன். டாக்டர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது நார்மல்ப்பா, போய்ப் படி" என்று அனுப்பியிருக்கிறார்.

மொட்டின் அடிப்பக்கம், முன்தோலை இணைக்கும் நரம்புபோன்ற நாண் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகச் சின்ன மேடு இருப்பதும் இயல்பு.

அடுத்தது ஃபோர்டைஸ் புள்ளிகள். ஜான் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1896ல் விவரித்ததால் அந்தப் பெயர். முடி இல்லாத இடத்தில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள், அவ்வளவுதான். ரவையை அள்ளித் தெளித்ததுபோல, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஆணுறுப்பின் தண்டிலும், பெண்ணுறுப்பின் உதடுகளிலும் இருக்கும். கண்ணாடியில் உங்கள் வாய் உதட்டின் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். அங்கேயும் பலருக்கு இதே மஞ்சள் புள்ளிகள் தெரியும்.

பெண்களில், உள் உதடுகளின் உட்பக்கத்தில் இளஞ்சிவப்பாக, மெத்தென்று, சின்னச் சின்ன விரல்நுனிபோல இரண்டு பக்கமும் ஒத்திருப்பவை ஆண்களின் முத்துப் பருவுக்கு இணையானவை. இதை மரு என்று தவறாக நினைத்துச் சுட்டு எடுத்த கதைகள் உண்டு. வித்தியாசம் அடியில் இருக்கிறது: இயல்பானவற்றில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அடி. மருவில் ஒரே அடியிலிருந்து பல நுனிகள் காலிஃபிளவர்போலக் கிளம்பும்.

நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு விதைப்பைத் தோலில் கருஞ்சிவப்பாக, நாவற்பழ நிறத்தில் மிளகு அளவுப் புள்ளிகள் வரலாம். அவை விரிந்த இரத்தக் குழாய்கள். கீறினால் இரத்தம் வரும். ஒரு துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். தொற்று இல்லை. சிறு வயதிலேயே இடுப்பு, தொடை என்று கொத்துக் கொத்தாக வந்தால் மட்டும் டாக்டர் பார்க்க வேண்டும், பரம்பரையாக வரும் ஓர் அரிய நோயின் அடையாளமாக இருக்கலாம். விதைப்பையிலேயே பட்டாணிபோல, வெள்ளையாக, கெட்டியாக, வலியில்லாமல் உருளுபவை கொழுப்புக்கட்டி என்று நாம் சொல்லும் தோல் கட்டிகள். பிதுக்காத வரை தொந்தரவு இல்லை. இதெல்லாம் தோலில் இருப்பவை. விதைக்குள்ளேயே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அது வேறு விஷயம், அந்த வாரமே காட்ட வேண்டும்.

ஷேவ் செய்த இரண்டாம் நாள் வரும் சிவப்புப் பருக்களைச் சொல்லவே வேண்டியதில்லை. நடுவில் முடி, சிறிது சீழ், தொட்டால் வலி. ஒரு வாரத்தில் அடங்கும்.

ஐந்தாம் படி: நோய்தான், ஆனால் சந்தேகப்பட வேண்டிய நோய் இல்லை

தொடை இடுக்கில் வளையமாக, ஓரம் மட்டும் சிவந்து தடித்துப் பரவுவது படர்தாமரை. ஈர உடுப்பும் வியர்வையும் அதன் தோழர்கள். முன்தோல் நுனி வெடித்து வெடித்து எரிவதும், தயிர்போல வெள்ளை படிவதும் பூஞ்சை. ஆண்களுக்கு இது மறுபடி மறுபடி வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் வெளியே தெரிந்தது.

ராத்திரி படுத்தபின் அரிப்பு உயிரை எடுக்கிறது, விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் அரிக்கிறது, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள், கூடவே ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் தடித்த கொட்டைபோலப் பருக்கள் இருக்கின்றன என்றால் அது சிரங்குப் பூச்சி. உடலுறவிலும் ஒட்டும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் போகும்.

இனி, மாத்திரைக் கேள்விக்கு வருகிறேன். காய்ச்சலுக்கோ பல்வலிக்கோ வயிற்றுப்போக்குக்கோ ஒரு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். சில மணி நேரத்திலோ அடுத்த நாளோ மொட்டின் மேல் எரிச்சல், வட்டமாகச் சிவப்பு, பிறகு கொப்புளம் அல்லது தோல் உரிந்த புண். ஆறியபின் காசு அளவுக்குக் கருந்தழும்பு. ஆறு மாதம் கழித்து அதே மாத்திரை, அதே இடம், அதே புண். இது மருந்து ஒவ்வாமை. சல்ஃபா கலந்த மாத்திரைகள், சில வலி நிவாரணிகள், டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் போன்றவற்றால் வரும். பலர் இதை ஹெர்பிஸ் என்றே நம்பிப் பல வருடம் பயந்து வாழ்கிறார்கள். ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன் மூன்று முறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிட்டார், மூன்றிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் புண் வருவதற்கு முந்தைய நாள் முதுகுவலிக்கு ஒரே மாத்திரையை வாங்கியிருந்தது எங்கள் கடை பில்லிலேயே இருந்தது. மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். அந்தப் பெயர் எழுதிய சீட்டு இப்போதும் அவர் பர்ஸில் இருக்கிறது.

ஆறாம் படி: தொற்றுகளின் முகம்

மரு. எச்.பி.வி. வகைகளில் 6, 11 என்ற இரண்டும்தான் பத்தில் ஒன்பது மருவுக்குக் காரணம். மென்மையாக, தோல் நிறத்திலோ சற்றுக் கறுத்தோ, நுனி சொரசொரப்பாக இருக்கும். ஒழுங்கில்லாமல் பெருகும், ஆசனவாய்ப் பக்கமும் போகும். வலி இல்லை. டாக்டர்கள் உறைய வைத்தோ, கரைசல் வைத்தோ, மின்சாரத்தால் சுட்டோ எடுப்பார்கள்; மறுபடி வந்தால் மறுபடி எடுக்க வேண்டும், மனம் தளர வேண்டாம். பெண்கள் கவனிக்க: கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணமானவை 16, 18 என்ற வேறு வகைகள். மரு வந்ததால் புற்று வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை உரிய வயதில் செய்துகொள்ள வேண்டும், மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்த நான்கு வகைகளுக்கும் தடுப்பூசி இருக்கிறது, இந்தியாவிலேயே தயாராகிறது.

மொலஸ்கம். இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர், வழவழப்பு, மெழுகுத்துளி போல, நடுவில் குழி. குழந்தைகளுக்கு முகத்திலும் கையிலும் சாதாரணமாக வரும். பெரியவர்களுக்கு அடிவயிறு, தொடை, அந்தரங்கப் பகுதி என்று வந்தால் பெரும்பாலும் உடலுறவு வழி. முத்துப் பருவிலிருந்து பிரிக்க அந்தக் குழியும், வரிசை இல்லாததும் போதும். விட்டுவிட்டாலும் ஒரு வருட வாக்கில் பெரும்பாலோருக்குப் போய்விடும். முகத்திலெல்லாம் திடீரென்று பெரிது பெரிதாக வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை அவசியம்.

ஹெர்பிஸ். இது வரும் முன்பே சொல்லிவிட்டு வரும்: அந்த இடத்தில் சுருசுருவென்று ஒரு குத்தல், எரிச்சல். பிறகு சிவந்த தோலில் கொத்தாக நீர்க்கொப்புளம். ஓரிரு நாளில் உடைந்து, ஒட்டி ஒட்டிச் சின்னப் புண்களாகும். சிறுநீர் பட்டால் உயிர் போகும். முதல் முறை காய்ச்சலும், தொடை இடுக்கில் நெறி கட்டுவதும் சேர்ந்து வரலாம். ஊரில் அக்கி என்று சொல்லிச் செம்மண் எழுதப் போவார்கள். அக்கியும் கொத்துக் கொப்புளம்தான், அந்த வைரஸும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும், பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை. இது அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 13 பேரிடம் பிறப்புறுப்பு ஹெர்பிஸின் முக்கிய வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பலருக்கு இருப்பதே தெரியாது. அசைக்ளோவிர் வகை மாத்திரை சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். கர்ப்பிணிகள் இதை மகப்பேறு டாக்டரிடம் மறைக்கவே கூடாது, பிரசவ நேரத்தில் குழந்தைக்கு ஆபத்து.

கடைசியாக, நான் அதிகம் பயப்படுவது. சிபிலிஸ். பெரும்பாலும் ஒரே ஒரு புண். வட்டமாக, சுத்தமாக, சீழ் இல்லாமல். ஓரத்தை உறையிட்ட விரலால் அழுத்தினால் சட்டைப் பொத்தானைத் துணிக்கு அடியில் தொட்டதுபோலக் கெட்டியாக இருக்கும். வலி இல்லை. இடுக்கில் நெறி கட்டியிருக்கும், அதிலும் வலி இல்லை. பெண்களுக்கு உள்ளே கர்ப்பப்பை வாயில் வந்தால் கண்ணுக்கே தெரியாது. எந்த மருந்தும் இல்லாமலே மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும்.

ஆறுவதுதான் கொடுமை. கிருமி இரத்தத்தில் இறங்கிவிட்டது. சில வாரம் கழித்து உடம்பெல்லாம் அரிப்பில்லாத தடிப்பு வரும்; உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செப்பு நிறத்தில் புள்ளிகள் விழுந்தால் உடனே இதை நினையுங்கள். அந்தரங்கப் பகுதியில் ஈரமாக, தட்டையாக, சாம்பல் வெள்ளை மேடுகள் வரும். பார்ப்பவர் மரு என்று நினைத்துவிடுவார். அதுவும் தானாகப் போகும். பிறகு வருடக்கணக்கில் அமைதி, ஒரு சிலருக்கு மூளையையும் இதயத்தையும் கண்ணையும் தாக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தையைப் பாதிக்கும். இத்தனைக்கும் ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், இடுப்பில் ஒருமுறை ஊசி. அதோடு முடியும். மலிவான, பழைய மருந்து. இதைப் போட்டுக்கொள்ளாமல் ஒருவர் வீணாகப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வலிக்கும் புண்ணும் இடுக்கில் சீழ்க்கட்டியுமாக வருபவை உண்டு. நம் முன்னோர் அரையாப்பு என்றார்கள். இரத்தச் சிவப்பாகப் பரவும் டோனவனோசிஸ் என்ற புண்ணும் உண்டு. அதன் கிருமியை 1905ல் மதராஸ் பொது மருத்துவமனையில் கண்டறிந்தவர் சார்லஸ் டோனவன், அதனால்தான் அந்தப் பெயர். இவையெல்லாம் இப்போது அரிது.

ஏழாம் படி: எங்கே போவது, என்ன சொல்வது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்றே தனி நிலையம் உண்டு. மருந்தும் பரிசோதனையும் இலவசம். புண்ணுக்கு, ஹெர்பிஸுக்கு, வெள்ளைப்படுதலுக்கு என்று நிறம் பிரித்த பெட்டிகளில் மருந்து தயாராக இருக்கும். நம்பிக்கை மையம் என்ற அரசு ஆலோசனை, பரிசோதனை மையத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் பார்க்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. 2017ல் இயற்றிய சட்டம் அப்படிச் சொல்கிறது. போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை.

உடனே போக வேண்டியவை: எந்தப் புண்ணும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். நீர்க்கொப்புளம். இடுக்கில் நெறி. சிறுநீர்த் துவாரத்தில் சீழ். உள்ளங்கைத் தடிப்பு. இரண்டு வாரத்தில் எண்ணிக்கை கூடிய பரு. கறுத்து, வளர்ந்து, இரத்தம் கசிந்து ஒரு மாதமாக ஆறாத எதுவும், ஏனென்றால் தோல் புற்றும் அங்கே வரும். சிறு குழந்தைக்கு அந்த இடத்தில் மருபோல இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், யாரையும் குற்றம் சாட்டாமல், நேராகக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

லேபுக்குத் தனியாகப் போய் ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். என்ற இரத்தப் பரிசோதனை எடுக்காதீர்கள். அந்தப் பரிசோதனை நம்பத்தக்கதல்ல; பாசிட்டிவ் என்று வந்த தாளை வைத்துக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெர்பிஸுக்குச் சரியான பரிசோதனை, கொப்புளம் புதிதாக இருக்கும்போது அதிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பது. எச்.பி.வி. மருவுக்கு இரத்தப் பரிசோதனையே கிடையாது, டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான். சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. புண் வந்த முதல் வாரத்தில் அது நெகட்டிவ் காட்டக்கூடும். டாக்டர் மறுபடி வரச் சொன்னால் மறுபடி போங்கள். எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் சந்தேகமான உறவு முடிந்து மூன்று மாதத்தில் ஒரு தடவை எடுத்தால்தான் கணக்கு முடியும்.

தொற்று என்று முடிவானால் துணையையும் அழைத்து வரச் சொல்வார்கள். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் பந்து திரும்பத் திரும்ப உங்களிடமே வரும். ஆணுறை பெரிய பாதுகாப்பு, அதை விடாதீர்கள். ஆனால் மரு, ஹெர்பிஸ், சிபிலிஸ் மூன்றும் உறை மூடாத தோல் வழியாகவும் ஒட்டும் என்பதை மனசில் வையுங்கள்.

ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "ஸ்கின் டாக்டர்" என்றால் போதும். கூச்சமாக இருந்தால் ஆண் டாக்டரா பெண் டாக்டரா என்று கேட்டுக்கொள்ளலாம், கேட்பதில் தப்பில்லை. உள்ளே போனதும் போனை நீட்டாமல் நேரில் காட்டுங்கள். நாள் எழுதிய அந்தத் தாளையும், இதுவரை தடவிய டியூபையும் மாத்திரை அட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டு போங்கள். டியூப் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.